4,294,967,297: ஒரு பெரிய எண்ணும் ஒரு பொய்த்த ஊகமும்

நானூற்று இருபத்தொன்பது கோடியே நாற்பத்தொன்பது இலட்சத்து அறுபத்தேழாயிரத்து இருநூற்றுத் தொண்ணூற்றேழு. எழுத்தில் இத்துணை நீளும் எண், இலக்கத்தில் பத்தே இலக்கங்களில் அடங்கிவிடும்: 4,294,967,297. மில்லியன், பில்லியன் என எண்களைப் படித்துப் பழகிய நம் மாணவர்க்கு இது நான்கு பில்லியனைச் சற்றே கடந்த ஓர் ஒற்றைப்படை எண், அவ்வளவே. ஆயினும் கணித வரலாற்றில் இவ்வெண்ணுக்குத் தனி இடம் உண்டு. ஐரோப்பாவின் தலைசிறந்த கணித அறிஞர் ஒருவர் இதனைப் பகா எண் என நம்பினார். தொண்ணூறு ஆண்டுகளுக்கு மேல் அந்நம்பிக்கையை எவரும் அசைக்கவில்லை. பின்னர், இருபத்தைந்து வயது இளைஞர் ஒருவர் மூன்றிலக்க எண் ஒன்றால் இதனை வகுத்துக் காட்டினார். மீதி வரவில்லை. நம்பிக்கை வீழ்ந்தது.

அந்த நம்பிக்கை எவ்வாறு பிறந்தது, எவ்வாறு வீழ்ந்தது, வீழ்ந்தபின் அதன் இடத்தில் என்னென்ன முளைத்தன என்பவற்றை இப்பொழிவில் நாம் காண்போம். இவ்வரலாற்றைப் பின்தொடரப் பெருக்கலும் வகுத்தலும் போதும். இடையிடையே வரும் கணக்குகளை மாணவர் தாமே தாளில் செய்து பார்த்தல் நன்று; சொன்னதை ஏற்பதைவிடச் சோதித்து ஏற்பதே இக்கட்டுரையின் பொருளுக்குப் பொருந்தும்.

ஐந்து எண்களின் அணிவகுப்பு

ஒன்றைவிடப் பெரியதாய், ஒன்றாலும் தன்னாலும் அன்றி வேறெந்த முழு எண்ணாலும் மீதியின்றி வகுபடாத எண் பகா எண் ஆகும். 2, 3, 5, 7, 11 என அவை தொடங்கும். பகா எண்களுக்கு முடிவில்லை என்பதைக் கிரேக்க அறிஞர் யூக்ளிட் ஏறத்தாழ 2,300 ஆண்டுகளுக்கு முன்னரே நிறுவினார். ஆனால், பகா எண்களை மட்டுமே தவறாது தரும் எளிய விதி ஒன்று உண்டா என்ற வினா நெடுங்காலம் அறிஞரை ஈர்த்து வந்தது.

2-இன் அடுக்குகளோடு ஒன்றைக் கூட்டிப் பார்ப்போம். அடுக்கு 3 எனில் 8 + 1 = 9; அது 3-ஆல் வகுபடும். அடுக்கு 5 எனில் 33. அதுவும் 3-ஆல் வகுபடும். அடுக்கு 6 எனில் 65; அது 5-ஆல் வகுபடும். அடுக்கு 12 எனில் 4,097. அது 17 × 241. அடுக்கில் ஒன்றைவிடப் பெரிய ஒற்றைப்படைக் காரணி ஏதேனும் இருந்தால், கிடைக்கும் எண் கட்டாயம் பகு எண்ணாகிவிடும் என்பதை இயற்கணிதம் காட்டுகிறது. ஆகவே பகா எண் கிடைக்க வாய்ப்புள்ள அடுக்குகள் 1, 2, 4, 8, 16, 32 என இரட்டித்துச் செல்பவை மட்டுமே.

அவ்வடுக்குகளை எடுத்துக்கொண்டால் ஓர் அழகிய எண் தோரணி உருவாகிறது. 2 + 1 = 3. 4 + 1 = 5. 16 + 1 = 17. 256 + 1 = 257. 65,536 + 1 = 65,537. இவ்வைந்தும் பகா எண்கள். ஒவ்வோர் எண்ணையும் பெற, முந்திய எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்து, அதன் வர்க்கத்தோடு ஒன்றைக் கூட்டினால் போதும். அம்முறைப்படி ஆறாவதாக வந்து நிற்பது 65,536-இன் வர்க்கத்தோடு ஒன்று, அதாவது 2³² + 1. அதுவே நம் எண்: 4,294,967,297.

ஃபெர்மாவின் மடல்

பியேர் டி ஃபெர்மா தொழிலால் கணித ஆசிரியர் அல்லர். பிரான்சின் துலூஸ் நகர நீதிமன்றத்தில் பொறுப்பு வகித்த சட்ட அறிஞர். ஓய்வு நேரத்தில் எண்களை ஆராய்ந்து, கண்டவற்றை நண்பர்களுக்கு மடல்களில் எழுதி வந்தார். 1640ஆம் ஆண்டில் ஃப்ரெனிக்ல் என்ற நண்பருக்கு எழுதிய மடல் ஒன்றில் மேற்கண்ட வரிசையைக் குறிப்பிட்டு, இவ்வாறு அமையும் எண்கள் யாவும் பகா எண்களே எனத் தாம் ஏறக்குறைய உறுதிகொண்டிருப்பதாக அறிவித்தார். நம் எண்ணும், அதற்கு அடுத்து வரும் இருபதிலக்க எண்ணும் அம்மடலில் இடம்பெற்றன.

ஃபெர்மாவிடம் நாம் மதிக்கத்தக்க நேர்மை ஒன்று உண்டு. தம்மிடம் முழுமையான நிறுவல் இல்லை என்பதை அவர் மறைக்கவில்லை. பல எண்கள் காரணிகளாக அமைய இயலாது எனத் தாம் விலக்கிவிட்டதாகவும், எஞ்சியவற்றிலும் தம் கருத்து பொய்க்காது என நம்புவதாகவுமே எழுதினார். 1654இல் பாஸ்கலுக்கு எழுதியபோதும் இதற்கு நிறுவல் தேடித் தருமாறு கேட்டுக்கொண்டார். ஆனால் பெரியோர் ஒருவர் 'நம்புகிறேன்' என்று சொன்னது, கேட்போர் செவியில் 'உண்மை' என்று பதிந்துவிடுவது எக்காலத்தும் நிகழ்வதே.

இங்கே ஒரு வியப்பும் உண்டு. அதே 1640ஆம் ஆண்டில் ஃபெர்மா, 2³⁷ − 1 என்னும் பன்னிரண்டு இலக்க எண்ணை ஆராய்ந்து, அது பகா எண் அன்று, 223 × 616,318,177 எனக் கண்டறிந்திருந்தார். குறிப்பிட்ட வடிவில் அமையும் எண்களை மட்டுமே காரணிகளாகச் சோதித்தால் போதும் என்னும் நுட்பமே அவருக்கு உதவியது. அதே நுட்பத்தை நம் எண்ணின்மீது செலுத்தியிருந்தால், சில வகுத்தல்களிலேயே விடை கிட்டியிருக்கும். கருவி கையில் இருந்தது. கணக்கும் எட்டும் தொலைவில் இருந்தது. விடை மட்டும் நழுவியது. வகுத்தலில் எங்கேனும் கை தவறியிருக்கலாம் எனக் கருதுவோர் உளர்.

கோல்ட்பாக்கின் வினா

ஃபெர்மா 1665இல் மறைந்தார். அவருடைய எண் ஆராய்ச்சிகளைத் தொடர்வோர் அருகினர். அறுபத்து நான்கு ஆண்டுகள் கழித்து, உருசிய நாட்டில் அவ்வினா மீண்டும் உயிர்பெற்றது. 1729ஆம் ஆண்டு டிசம்பர் முதல் நாள், மாஸ்கோவிலிருந்து கிறிஸ்டியன் கோல்ட்பாக் என்பவர், செயின்ட் பீட்டர்ஸ்பர்க் அறிவியற் கழகத்தில் பணியாற்றிய லியோன்ஹார்ட் ஆய்லருக்கு ஒரு மடல் எழுதினார். அதன் பின்குறிப்பில், இவ்வெண்கள் யாவும் பகா எண்கள் என்னும் ஃபெர்மாவின் கருத்தை அறிவீரா, அதனை எவரும் நிறுவியதாகத் தெரியவில்லையே என்று வினவினார்.

ஆய்லருக்கு அப்போது வயது இருபத்திரண்டு. முதலில் அவர் இதில் பேரார்வம் காட்டவில்லை. கோல்ட்பாக் விடவில்லை, மடல்கள் தொடர்ந்தன. மெல்ல மெல்ல ஆய்லர் ஃபெர்மாவின் எழுத்துகளைத் தேடிப் படிக்கலானார். பின்னாளில் அவர் எண் கோட்பாட்டில் எழுதிக் குவித்த பெருந்தொகுதிக்கு இப்பின்குறிப்பே வித்து எனலாம். கேட்பவர் விடை அறிந்திருக்க வேண்டியதில்லை. நல்ல வினாவை உரியவரிடம் சேர்ப்பதும் அறிவுத் தொண்டே.

1732ஆம் ஆண்டு செப்டம்பரில் ஆய்லர் கழகத்தின் முன் வைத்த சிறு கட்டுரை, 1738இல் அச்சில் வந்தது. 2³² + 1 என்னும் எண் 641-ஆல் வகுபடும். வேண்டுவோர் வகுத்துப் பார்க்கலாம் என்ற அளவில் அதில் செய்தி அமைந்தது. நாமும் பெருக்கிப் பார்ப்போம். 6,700,417-ஐ 600-ஆல் பெருக்கினால் 4,020,250,200. அதே எண்ணை 41-ஆல் பெருக்கினால் 274,717,097. இரண்டையும் கூட்டினால் 4,294,967,297. ஆம், நம் எண் 641 × 6,700,417.

641 எவ்வாறு கிட்டியது?

ஓர் எண்ணுக்கு ஒன்றைவிடப் பெரிய வேறு காரணி உண்டெனில், அவற்றுள் சிறியது அவ்வெண்ணின் வர்க்கமூலத்தை விஞ்சாது. நம் எண்ணின் வர்க்கமூலம் 65,536-ஐ மிகச் சிறிதளவே கடந்தது. 65,536-க்குள் 6,542 பகா எண்கள் உள்ளன. அவற்றை வரிசையாக எடுத்து வகுத்துச் சென்றால், முதல் 115 பகா எண்களும் மீதி தரும். 116ஆவதாகிய 641-இல் மீதி மறையும். பொறுமை மிக்கவர்க்கு அதுவும் இயலும். ஆயினும் ஆய்லர் சுருக்கமான வழியைப் பின்பற்றினார். அவ்வழியை 1750இல் அச்சான கட்டுரை ஒன்றில் விளக்கினார்.

2-இன் அடுக்குகளை ஏதேனும் ஓர் ஒற்றைப்படைப் பகா எண்ணால் வகுத்து மீதிகளை மட்டும் எழுதினால், அவை சுழன்று மீண்டும் வரும். எடுத்துக்காட்டாக 17-ஆல் வகுத்தால் 2, 4, 8, 16, 15, 13, 9, 1 என எட்டு மீதிகள் வந்து, சுழற்சி மறுபடியும் 2-இல் தொடங்கும். சுழற்சியின் நீளம் 8. பகா எண்ணிலிருந்து ஒன்றைக் கழித்தால் வரும் எண் 16. அது 8-இன் மடங்கு. சுழற்சியின் நீளம் எப்போதும் பகா எண்ணுக்கு ஒன்று குறைந்த எண்ணை மீதியின்றி வகுக்கும் என்பது பொது விதி. இவ்விதியைக் கண்டவரும் ஃபெர்மாவே. அதுவும் அதே 1640ஆம் ஆண்டு அக்டோபரில், அதே ஃப்ரெனிக்லுக்கு எழுதிய மடலில்!

இனி, ஏதோ ஒரு பகா எண் 2³² + 1 என்னும் எண்ணை வகுப்பதாகக் கொள்வோம். அப்பகா எண்ணால் 2³²-ஐ வகுத்தால் மீதி, ஒன்று குறைவு, அதாவது −1. வர்க்கப்படுத்தினால் 2⁶⁴-இன் மீதி 1. ஆகவே சுழற்சியின் நீளம் 64, அதனினும் குறையாது. எனவே அப்பகா எண், 64-இன் மடங்கோடு ஒன்று கூடியதாகவே இருத்தல் வேண்டும். 65, 129, 193, 257, 321, 385, 449, 513, 577, 641 என அவ்வரிசை செல்லும். இவற்றுள் பகா எண்கள் 193, 257, 449, 577, 641 ஆகிய ஐந்தே. ஐந்தாவது வகுத்தலில் விடை கிட்டிவிடுகிறது. 1878இல் லூக்கா என்ற பிரெஞ்சு அறிஞர் இவ்விதியை மேலும் கூர்மையாக்கி, 64-க்குப் பதில் 128 என்றே கொள்ளலாம் எனக் காட்டினார். அவ்வாறு கொண்டால் 641-க்கு முன் நிற்கும் பகா எண் 257 ஒன்றே.

வகுத்துப் பாராமலே 641 நம் எண்ணை வகுக்கும் என்பதை உணர்த்தும் அழகிய வழியும் உண்டு. 641-ஐ இருவகையாக எழுதலாம்: 5 × 2⁷ + 1 என ஒன்று, 5⁴ + 2⁴ என மற்றொன்று. முதல் வடிவின்படி, 641-ஆல் வகுக்கும்போது 5 × 2⁷-இன் மீதி −1. அதனை நான்காம் அடுக்கிற்கு உயர்த்தினால் 5⁴ × 2²⁸-இன் மீதி 1. இரண்டாம் வடிவின்படி 5⁴-க்குப் பதில் −2⁴ எனப் போடலாம். அப்போது −2³²-இன் மீதி 1 ஆகிறது. அதாவது 2³² + 1 மீதியின்றி வகுபடுகிறது. பத்திலக்க எண்ணை ஒருமுறைகூட எழுதாமல் உண்மையை எட்டிவிட்டோம்.

மற்றைக் காரணியும் இரு வர்க்கங்களும்

6,700,417 பகா எண்ணா? இதையும் நாமே தீர்க்கலாம். அதன் காரணி எதுவாயினும் அது நம் எண்ணின் காரணியுமாகும். ஆகவே லூக்காவின் விதி இதற்கும் பொருந்தும். இதன் வர்க்கமூலம் 2,589-க்குக் குறைவு. அதற்குள், 128-இன் மடங்கோடு ஒன்று கூடிய பகா எண்கள் 257, 641, 769, 1,153, 1,409 ஆகிய ஐந்து மட்டுமே. வகுத்தால் முறையே 170, 44, 120, 334, 622 என மீதிகள் வருகின்றன. ஒன்றும் மீதியின்றி வகுக்கவில்லை. எனவே 6,700,417 பகா எண்ணே. ஐந்து வகுத்தல்களில் ஏழிலக்க எண் ஒன்றின் இயல்பை ஐயமற அறிந்துவிட்டோம். அறிவின் சிக்கனம் என்பது இதுவே.

நம் எண்ணுக்கு மற்றோர் இயல்பும் உண்டு. 4-ஆல் வகுத்தால் மீதி 1 தரும் பகா எண் ஒவ்வொன்றையும் இரு வர்க்கங்களின் கூடுதலாக ஒரே ஒரு வகையில் எழுதலாம் என ஃபெர்மா அறிவித்தார். ஆய்லர் அதனை நிறுவினார். 4,294,967,297-உம் 4-ஆல் வகுத்தால் மீதி 1 தருவதே. அதனை 65,536² + 1² என எழுதலாம் என்பது வெளிப்படை. ஆனால் 62,264² + 20,449² என்றாலும் அதே எண்தான் வருகிறது. இரண்டு வகையில் எழுத முடிகிறது எனில் அது பகா எண் ஆகாது. காரணியைத் தேடாமலே உண்மை வெளிப்பட இன்னுமொரு வாயில் இது. 641 = 25² + 4² என்பதும், 6,700,417 = 2,556² + 409² என்பதும் மாணவர் சரிபார்த்து மகிழத்தக்கவை.

சோதனைகளும் ஏமாற்றக்கூடும் என்பதற்கும் இவ்வெண்ணே சான்று. ஃபெர்மாவின் அக்டோபர் மாத விதிப்படி, ஓர் எண் பகா எண்ணாயின், 2-ஐ அவ்வெண்ணுக்கு ஒன்று குறைந்த அடுக்கிற்கு உயர்த்தி அவ்வெண்ணால் வகுத்தால் மீதி 1 வரவேண்டும். நம் எண் இச்சோதனையில் தேறிவிடுகிறது. மீதி 1 வருகிறது. பகு எண்ணாய் இருந்தும் பகா எண்போல் வேடமிடுகிறது. ஆனால் 2-க்குப் பதில் 3-ஐ வைத்துச் சோதித்தால் வேடம் கலைகிறது: மீதி 3,029,026,160. இதற்கு முப்பத்திரண்டு முறை வர்க்கப்படுத்தி வகுத்தால் போதும். 3-ஐ அடியாகக் கொண்டு இத்தகைய எண்களின் பகாத்தன்மையை ஐயமறத் தீர்க்கும் முறையை 1877இல் பெப்பான் என்ற பிரெஞ்சு அறிஞர் வகுத்தளித்தார்.

மனக்கணக்குச் சிறுவன்

இவ்வெண்ணின் வரலாற்றில் ஒரு சிறுவனுக்கும் பங்குண்டு. ஜெரா கோல்பர்ன் 1804இல் அமெரிக்காவின் வெர்மான்ட் மாநிலத்தில் பிறந்தவன். எழுதப் படிக்க முறையாகக் கற்கும் முன்பே பெரிய பெருக்கல்களை மனத்திலேயே செய்யும் ஆற்றல் அவனிடம் காணப்பட்டது. தந்தை அவனை ஊர் ஊராக அழைத்துச் சென்று அவைகளில் நிறுத்தினார். 1812இல் இலண்டனில், 4,294,967,297 பகா எண்ணா என்று அவனிடம் கேட்கப்பட்டது. அது 641 × 6,700,417 என எட்டு வயதுச் சிறுவன் எழுதுகோலைத் தொடாமலே விடையளித்தான் எனக் குறிப்புகள் கூறுகின்றன.

ஃபெர்மாவின் கைக்கு எட்டாததும் ஆய்லரின் பெயருக்குப் புகழ் சேர்த்ததுமான விடை ஒரு சிறுவனின் நாவில் வந்தது வியப்பே. ஆனால் இங்கு ஒரு வேறுபாட்டை நாம் மறத்தல் ஆகாது. சிறுவன் விடையைக் கண்டான். அவ்விடை எவ்வழி வரவேண்டும் என்பதை ஆய்லர் விளக்கினார். விடை ஓர் எண்ணோடு முடிகிறது. வழியோ அடுத்த எண்ணுக்கும் அதற்கடுத்த எண்ணுக்கும் உதவுகிறது.

பொய்த்த ஊகத்தின் விளைச்சல்

ஊகம் பொய்த்தது என்பதால் அவ்வரிசை குப்பைக்குப் போகவில்லை. 1730ஆம் ஆண்டு ஜூலையிலேயே கோல்ட்பாக் இவ்வெண்களின் இன்னோர் இயல்பை ஆய்லருக்கு எழுதியிருந்தார். முதலிலிருந்து பெருக்கிப் பார்ப்போம். 3 × 5 = 15; அது 17-க்கு இரண்டு குறைவு. 15 × 17 = 255; அது 257-க்கு இரண்டு குறைவு. 255 × 257 = 65,535; அது 65,537-க்கு இரண்டு குறைவு. 65,535 × 65,537 = 4,294,967,295; அது நம் எண்ணுக்கு இரண்டு குறைவு. ஆகவே வரிசையின் எந்த இரண்டு எண்களுக்கும் பொதுக் காரணி இருப்பின் அது 2-ஐ வகுத்தாக வேண்டும். எண்கள் யாவும் ஒற்றைப்படை. எனவே பொதுக் காரணி 1 மட்டுமே. வரிசை முடிவிலாது நீள்கிறது. ஒவ்வோர் எண்ணும் பிறவற்றில் இல்லாத புதிய பகாக் காரணியைக் கொண்டுவருகிறது. பகா எண்களுக்கு முடிவில்லை என்னும் பழைய உண்மைக்குப் புதிய நிறுவல் இதனால் கிட்டியது. எல்லாம் பகா எண்கள் என்னும் கூற்று பொய்த்தும், பகா எண்களின் முடிவின்மைக்கு அவ்வரிசையே சான்றாய் நின்றது.

அடுத்த விளைச்சல் வடிவியலில் விளைந்தது. குறியிடாத அளவுகோலையும் கவராயத்தையும் மட்டும் கொண்டு முக்கோணம், ஐங்கோணம் முதலிய ஒழுங்குப் பலகோணங்களை வரையக் கிரேக்கர் அறிந்திருந்தனர். அதற்குப் பின் இரண்டாயிரம் ஆண்டுகளாகப் புதிய பகா எண் பக்கமுடைய பலகோணம் எதுவும் அப்பட்டியலில் சேரவில்லை. 1796 மார்ச் 30ஆம் நாள், பதினெட்டு வயதுக் காஸ், பதினேழு பக்க ஒழுங்குப் பலகோணத்தையும் அவ்வாறு வரையலாம் எனக் கண்டார். பக்கங்களின் எண்ணிக்கை பகா எண்ணாயின், அது ஃபெர்மாவின் வரிசையில் உள்ள பகா எண்ணாக இருந்தால் வரையலாம் என்பது அவர் கண்ட விதி; வேறு பகா எண்ணாயின் வரைய இயலாது என்பதை 1837இல் வான்ட்செல் நிறுவினார். 65,537 பக்கப் பலகோணத்திற்கான வழியைப் பத்தாண்டுகள் உழைத்து எழுதிய ஹெர்மஸ் என்பவரின் கையெழுத்துப்படி செர்மனியின் கோட்டிங்கன் நகரில் பாதுகாக்கப்பட்டது. 4,294,967,297 பகா எண்ணாக இருந்திருந்தால் அத்தனை பக்கங்கள் உடைய பலகோணமும் அப்பட்டியலில் சேர்ந்திருக்கும். 641 அதற்கு இடம் தரவில்லை. ஆனால் அதற்கு இரண்டு குறைந்த எண்ணாகிய 4,294,967,295, ஐந்து ஃபெர்மா பகா எண்களின் பெருக்கம் ஆதலால், வரைய இயலும் என இன்று நாம் அறிந்த ஒற்றைப்படைப் பக்கப் பலகோணங்களுள் மிகப் பெரியதாய் நிற்கிறது.

இக்காலக் கணினியும் இவ்வெண்களின் அண்டையிலேயே வாழ்கிறது. முப்பத்திரண்டு இருமை இலக்கங்களால் எழுதக்கூடிய மதிப்புகள் 2³², அதாவது நம் எண்ணுக்கு ஒன்று குறைவு. இணைய முகவரிகளின் பழைய அமைப்பில் உள்ள மொத்த முகவரிகளும் அவ்வளவே. இணையத்தில் செய்திகளை மறைகுறியாக்கும் முறைகளுள் ஒன்றில் 65,537 இன்றும் பரவலாகப் பயன்படுகிறது. பெரிய எண்ணைக் காரணிப்படுத்துவது கடினம் என்பதே அம்முறையின் காவல்.

ஆறாவது எண்ணுக்குப் பின்

ஆறாவது எண் வீழ்ந்தது, ஏழாவது? 18,446,744,073,709,551,617 என்னும் அவ்விருபதிலக்க எண் 274,177-ஆல் வகுபடும் என்பதை 1855இல் கிளவுசன் கண்டார். 1880இல், எண்பது வயதைக் கடந்த லாந்திரி அதனைத் தாமே மீண்டும் கண்டு வெளியிட்டார். அதற்கடுத்த, முப்பத்தொன்பது இலக்கங்கள் உடைய எண், பெப்பானின் சோதனைவழிப் பகு எண் என 1905இலேயே தெளிவாயிற்று. ஆனால் அதன் காரணிகள் கணினியின் துணையால் 1970இல்தான் வெளிப்பட்டன. பகுபடும் என்பதை அறிவது வேறு. எதனால் பகுபடும் என்பதை அறிவது வேறு என்னும் பாடத்தை அந்த அறுபத்தைந்து ஆண்டு இடைவெளி புகட்டுகிறது.

நம் எண்ணில் தொடங்கி, 2-இன் அடுக்காக 2³² அமையும் எண் முடிய உள்ள இருபத்தெட்டு எண்களும் பகு எண்களே என்பது இன்று உறுதி. அதற்கு அடுத்த எண்ணுக்கு இருநூற்றைம்பது கோடிக்கும் மேற்பட்ட இலக்கங்கள். அதன் இயல்பு இன்னும் தீரவில்லை. 65,537-க்குப் பின் இவ்வரிசையில் மற்றொரு பகா எண் உண்டா, இல்லையா என்பதும் தீரவில்லை. இனி இல்லை எனக் கருதுவோர் பலர். அதுவும் ஊகமே. எல்லாம் பகா எண்கள் என்று 1640இல் எழுந்த ஊகத்துக்கு நேர் எதிராக, இனி ஒன்றும் பகா எண் அன்று என்னும் ஊகம் இன்று நிற்கிறது. முன்னதற்கு ஐந்து சான்றுகள் இருந்தன. பின்னதற்கு இருபத்தெட்டு உள்ளன. இரண்டுக்கும் நிறுவல் இல்லை.

வகுப்பறைக்கு ஒரு சொல்

ஒரு பானைச் சோற்றுக்கு ஒரு சோறு பதம் என்பது நம் வீடுகளில் நாள்தோறும் மெய்யாகும் பழமொழி. அது ஏன் மெய்யாகிறது? பானையிலுள்ள அரிசி முழுவதும் ஒரே நீரில், ஒரே தீயில் வேகிறது. ஒரு பருக்கை வெந்தால் மற்றவையும் வெந்திருக்கும் என்று கொள்ள அப்பொதுக் காரணம் இடம் தருகிறது. பழமொழியின் வலிமை பருக்கையில் இல்லை. அடியில் எரியும் தீயில் உள்ளது. ஃபெர்மா ஐந்து பருக்கைகளைப் பதம் பார்த்தார், ஐந்தும் வெந்திருந்தன. ஆனால் அவற்றையெல்லாம் ஒருங்கே வேகவைக்கும் தீ ஒன்று உண்டா என்பதை அவர் கண்டாரில்லை. ஆறாவது பருக்கை வேகாமலே கிடந்தது. கணிதத்தில் அத்தீயின் பெயர் நிறுவல்.

நம் பள்ளிகளில் எண் தோரணி கற்பிக்கும்போது, மூன்று அல்லது நான்கு எண்களைத் தந்து அடுத்த எண்ணைக் கேட்கிறோம். அது வேண்டிய பயிற்சியே. ஒழுங்கைக் காணும் கண் இல்லாமல் கணிதம் இல்லை. ஆனால் விடை சொன்ன மாணவரிடம், 'இது எப்போதும் இவ்வாறே தொடரும் என்று எப்படி அறிந்தாய்?' என்ற இரண்டாம் வினாவையும் கேட்டல் வேண்டும். அவ்வினாவுக்கு உடனே விடை வராமற் போகலாம். 'தெரியவில்லை, நம்புகிறேன்' என்று மாணவர் சொன்னால், அதனைக் குறையாகக் கொள்ளாமல் நேர்மையாகக் கொண்டு பாராட்டுதல் தகும். ஃபெர்மா கூறியதும் அதுவே. நம்பிக்கைக்கும் நிறுவலுக்கும் இடையே உள்ள கோட்டை அவர் அழிக்கவில்லை. அதனால்தான் அவர் கருத்து பொய்த்தும் அவர் பெயர் தாழவில்லை.

3, 5, 17, 257, 65,537 என்னும் ஐந்து எண்களை ஒரு நாள் கரும்பலகையில் எழுதி, ஆறாவது எண்ணை மாணவரே பெருக்கிக் காணச் செய்யலாம். அது பகா எண்ணா என்று கேட்டு, 64-இன் மடங்குகளோடு ஒன்று கூட்டிய பட்டியலை அவர்கள் கையில் கொடுக்கலாம். 193-ஆல் ஒரு குழு, 257-ஆல் ஒரு குழு, 449-ஆல் ஒரு குழு, 577-ஆல் ஒரு குழு, 641-ஆல் ஒரு குழு என வகுக்கட்டும். நான்கு குழுக்களுக்கு மீதி வரும். ஐந்தாம் குழுவின் தாளில் கடைசி வரியில் சுழியம் விழும்போது, தொண்ணூற்றிரண்டு ஆண்டுகள் நிலைத்த ஒரு நம்பிக்கை எவ்வாறு முடிவுக்கு வந்தது என்பதை அவ்வகுப்பு தன் கைக்கணக்கிலேயே கண்டிருக்கும்.